நான்கு மில்லிமீட்டர்

சன்னோமியா ரயில் நிலையத்தில் பத்தொன்பது வருடம்
பயணச்சீட்டில் துளை போட்டவர் ஒபாத்தா.
இன்று அவர் பிடரியில் ஒரு துளை.
நான்கு மில்லிமீட்டர் விட்டம்.
'என் இடுக்கி போட்டது இதைவிடப் பெரிசு' என்றார்,
மரத்துப்போன கழுத்தைத் தடவியபடி.

உச்சந்தலை எப்போதோ காலி.
பிடரியில் மட்டும் வாய்க்கால் ஓரத்துப் புல்போல
ஒரு வரிசை, எழுபத்தொரு வயதிலும்
நகர மாட்டேன் என்று நிற்கிறது.
அந்தப் பிடிவாதம்தான் இவர்களுக்கு வேண்டும்.
அது எந்த அணுவில் இருக்கிறது என்று
கோபே துறைமுகத் தீவில், ஏழாம் மாடியில்
தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தோல் துணுக்கைப் பிரித்து, அலசி, வடிகட்டி
குருத்தணுக்களை எடுத்தவள் மினெகிஷி.
ரோஜா நிறத் திரவத்தில்
தனித்தனியாக மிதக்கும்வரை அவை சும்மா இருக்கும்.
ஒன்றையொன்று ஒட்டி உருண்டை பிடித்தால்தான்
முடி என்கிற எண்ணமே அவற்றுக்கு வரும்.
காய்ச்சலுக்கு ஒரு படி கீழான சூடு.
ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும்,
ஞாயிறென்றாலும், புயலென்றாலும்,
தங்கைக்குக் கல்யாணமென்றாலும்.

பதினோராம் நாள்
ஓர் உருண்டையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது.
அரை மில்லிமீட்டர்.
நரையா கறுப்பா சொல்ல முடியாத கோடு.
விதிப்படி சொல்லக் கூடாது.
தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.
'எந்தப் பக்கம் சுழிகிறது?' என்றார் ஒபாத்தா.
'எனக்கு இடது சுழி. அதைப் பார்த்துத்தான் அம்மா
என்னை வீம்பன் என்பாள்.'
'ஒற்றை முடிக்குச் சுழி கிடையாது' என்றாள்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பதினான்காம் நாள் இரவு.
இரண்டு கையுறை, முகமூடி, காகிதத் தொப்பி.
அந்த அறைக்குள் நுழையவே கூடாத பொருட்களின்
பட்டியலில் முதலாவது
முடி.
காதோரம் தப்பிய ஒன்று
மூடி திறந்த தட்டுக்குள் இறங்கியது,
பதினெட்டு சென்டிமீட்டர், வேரோடு.

அதற்கு அங்கே முளைக்கத் தெரியாது.
கிருமியைக் கூட்டிவரத் தெரியும்.
இரண்டு நாளில் ரோஜா மஞ்சளாயிற்று.
நூற்றுப்பன்னிரண்டு உருண்டைகளையும்
அவளே வடிகாலில் கொட்டினாள்.
குறிப்பேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரே சொல் எழுதினாள்: முடி.
மேலதிகாரி ஷிராகாவா
சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல்
முத்திரை குத்தினார்.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்று
நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம்.
கட்டியதும் மயிர், இழுத்ததும் மயிர்,
அறுத்ததும் மயிர் என்றால்
போனதற்கு என்ன பெயர்?

மழையில் நனைந்த குடையோடு
ஒபாத்தா மறுபடி வந்தார்.
இடுப்பு மடிய வணங்கி, நடந்ததைச் சொன்னாள்.
அவர் சிரித்த சிரிப்பில்
வெளியே காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.
'முப்பது வருஷமாக எனக்கு உதிர ஒன்றுமில்லை.
உனக்கு வேண்டாத இடத்தில் விழுகிறது.'
பிறகு அவள் தலையைப் பார்த்தார்.
காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தாள்.
அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

'இது கடைக்கு வரும்போது எனக்கு என்ன வயது?'
'எண்பது. அனுமதி தாமதித்தால் எண்பத்தைந்து.'
'விலை?'
'ஒரு கார் அளவுக்கு இருக்கலாம்.'
'நல்ல காரா?'

மேசைமேல் கவிழ்ந்து படுத்தார்.
பழைய துளை வெள்ளைப் புள்ளியாக ஆறியிருந்தது.
மருத்துவர் வேறு இடம் தேடி விரலை நகர்த்த,
'பக்கத்திலேயே போடுங்கள்' என்றது
தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல்.
'ஒரு சீட்டில் இரண்டு துளை இருந்தால்
போய்வர என்று அர்த்தம்.'